மங்குக்கு ஒரு க்ரீம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நாற்பது வயதைத் தொட்ட பெண்களில் பலருக்கு மூக்கின் இரு பக்கமும், கன்ன மேட்டிலும், சிலருக்கு மேலுதட்டிலும் பழுப்பாக ஒரு படர்வு இருக்கும். ஊரில் அதற்கு மங்கு என்று பெயர். பருத்தி எடுக்கிறவர்கள், மிளகாய்ப்பழம் பறிக்கிறவர்கள், கண்மாய்க்குள் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு இறங்குகிறவர்கள் என்று வெயிலில் நிற்கிறவர்களுக்கே அது கூடுதல். பிள்ளைப்பேற்றின்போது தொடங்கி அப்படியே தங்கிவிடுவதும் உண்டு.

மங்குக்கு வைத்தியம் சொல்லாத வாய் கிடையாது. ஜாதிக்காயை உரசிப் போடு, தயிரில் கடலைமாவைக் குழைத்துப் போடு, இந்த சோப்பை மாற்று என்பார்கள். ஆறு மாதம் போட்டும் அது அசையாது. பிறகு ஒரு நாள் வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் மூலமாகவோ, பார்லர் வழியாகவோ, ஃபேன்ஸி ஸ்டோரின் உள் அலமாரியிலிருந்தோ ஒரு சின்ன டப்பா வரும். பெயர் இருக்கும், ஊர் இருக்காது. பத்தே நாளில் முகம் தெளிந்துவிடும். பக்கத்து வீட்டு மதினி வந்து, "எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்பார். அடுத்த வாரம் தெருவில் நாலு டப்பா இருக்கும்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. வருஷக்கணக்கில் அசையாத மங்கு பத்து நாளில் எப்படிப் போனது? டப்பா தீர்ந்து பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிடக் கறுப்பாக ஏன் திரும்பி வந்தது? இரண்டுக்கும் விடை தெரிய வேண்டுமானால், தோல் ஏன் கறுக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

தோலுக்குள் ஒரு குடை

நம் மேல்தோலின் அடித்தட்டில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற கறுப்புப் பொருளைச் சிறு சிறு மணிகளாகச் செய்து, கைபோல் நீண்ட கிளைகள் வழியே சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிக்கொண்ட செல், அந்த மணிகளைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து அடுக்கி வைக்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருளை அறுத்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கரிசல் காட்டில் நிழலுக்கு ஒதுங்க சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு மரம் இல்லாத இடத்தில், உடம்பு தானே பிடித்துக்கொள்கிற குடை இது. மங்கு என்பது சில இடங்களில் இந்தக் குடை அளவுக்கு மீறி விரிந்துவிட்ட நிலை.

மெலனின் செய்வதற்கு நிறமிச் செல்லுக்கு ஒரு நொதி வேண்டும். டைரோசினேஸ் என்பது அதன் பெயர். அந்த நொதியின் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. செம்பு இல்லாவிட்டால் நொதி ஓடாது. நொதி ஓடாவிட்டால் நிறம் இல்லை. இந்தச் செம்பு இந்த அத்தியாயம் முழுக்கத் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காலக் கணக்கு. அடித்தட்டில் பிறந்த தோல் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நாலு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே இன்றைக்கே நிறமி உற்பத்தியைக் குறைத்தாலும், ஏற்கெனவே நிறமி ஏறிய செல்கள் உதிர்ந்து முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். மங்குக்குத் தோல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் இரண்டு மூன்று மாதம் கழித்தே பலன் காட்டுவதற்கு இதுதான் காரணம். நேர்வழியில் போகிற எந்தக் க்ரீமும் பத்து நாளில் முகத்தை வெளுக்க முடியாது. முடிகிறது என்றால், அது வேறு வழியில் போகிறது.

குறுக்கு வழிகள்

முதல் குறுக்கு வழி ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போன்றவை தோல் மருத்துவத்தில் அருமையான மருந்துகள். தடவிய இடத்தில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விடுவது அவற்றின் குணம். குழாய் சுருங்கினால் தோல் வெளுக்கும். 1962-ல் மெக்கன்சி, ஸ்டவ்டன் என்ற இருவர், தோல் எவ்வளவு வெளுக்கிறது என்பதை வைத்தே ஸ்டீராய்டின் வீரியத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மருந்துத் துறையில் அந்தச் சோதனை புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் அளவுகோலாக இருக்கிற அதே வெளுப்புதான் டப்பாவில் 'பளபளப்பு' என்று விற்கப்படுகிறது.

மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் காகிதமாக மெலியும், ரத்தக் குழாய் கோடுகோடாகத் தெரியும், பரு வெடிக்கும், மீசை முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். இந்திய தோல் மருத்துவர்கள் பல ஊர்களில் சேர்ந்து நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் நோய் என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மெடிக்கலில் போய், "அண்ணாச்சி, மங்குக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டால் சீட்டு எங்கே என்று எத்தனை பேர் திருப்பிக் கேட்கிறார்கள் என்பதை உங்கள் ஊர் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது குறுக்கு வழி பாதரசம். நிறமிச் செல்லுக்குள் போன பாதரசம், டைரோசினேஸ் நொதியில் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் வேறொரு சாவி உடைந்து மாட்டிக்கொண்ட கதைதான். சரியான சாவி கையில் இருந்தும் திறக்க முடியாது. மெலனின் உற்பத்தி நிற்கிறது. கூடவே இந்த உப்புகள் தோலின் மேல் அடுக்கை அரித்து உரித்தும் விடுகின்றன. நாலு வாரம் காத்திருக்க வேண்டிய உதிர்தல் சில நாளில் நடந்துவிடுகிறது. பத்து நாள் அதிசயம் இவ்வளவுதான்.

நிறுத்தியதும் கறுப்பது ஏன் என்பதும் இப்போது புரியும். பாதரசம் கெடுத்தது அன்றைக்கு இருந்த நொதியை. செல் புது நொதியைச் செய்துகொண்டே இருக்கிறது. பூசுவது நின்றால் உற்பத்தி தொடங்கும். அதுவும் குடையில்லாமல் கரிசல் வெயில் வாங்கிக் கன்றிப்போன தோலில் தொடங்கும். கன்றிய தோலுக்கு நிறமி கூடுதலாகவே வரும். வருஷக்கணக்கில் பூசியவர்களுக்கு இன்னொன்றும் நேர்கிறது. பாதரசமே துகளாகத் தோலுக்குள் படிந்து, இமையிலும் கழுத்து மடிப்பிலும் சிலேட்டுச் சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. வெளுக்கப் பூசியது கறுக்க வைத்துவிட்டுப் போகும்.

ஒரு டப்பாவின் கணக்கு

'கெமிக்கல்' என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எந்தப் பொருள் என்பதோடு, எவ்வளவு, எந்த வடிவில், எந்த வழியாக என்றும் கேட்காமல் ஆபத்தை அளக்க முடியாது. ஒரு டப்பாவை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

டப்பா 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் தரும் தகவல்படி, பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்களில் பாதரச உப்பு 1 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். நாம் தாராளமாக விட்டுக்கொடுத்து, பாதரசம் 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 30 கிராமில் 1 சதவீதம் என்றால் 300 மில்லிகிராம்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது? இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி பாதரசத்தை வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. மூலப்பொருளோடு தெரியாமல் வந்து சேர்ந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கண்ணுக்கான பொருட்களுக்கு மட்டும் எழுபது பங்கு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். நம்முடைய 30 கிராம் டப்பாவுக்கு 0.03 மில்லிகிராம். இருப்பதோ 300. பத்தாயிரம் மடங்கு.

காலையும் இரவும் விரல் நுனி அளவு எடுத்தால் வேளைக்கு அரை கிராம், நாளைக்கு ஒரு கிராம். டப்பா ஒரு மாதம் வரும். தினமும் முகத்தில் ஏறுகிற பாதரசம் 10 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தோலைக் கடந்து ரத்தத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம்.

இதை எதனோடு ஒப்பிடுவது? உணவு வழியாக வரும் பாதரச உப்புக்கு சர்வதேச வல்லுநர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 4 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 200. நாளைக்கு ஏறக்குறைய 29. அதுவும் வாய் வழியாகப் போவது. குடல் இந்த உப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கையே உறிஞ்சும், மீதி வெளியே போய்விடும். ஆகவே ரத்தத்துக்குச் சேர அனுமதிக்கப்பட்டது நாளைக்கு 3 மைக்ரோகிராம் அளவே. நம் டப்பா கொடுப்பது 100. முப்பது மடங்குக்கு மேல், அதுவும் நாம் தாராளமாக விட்டுக்கொடுத்துப் போட்ட கணக்கில்.

வடிவம் முக்கியம் என்றேனே, அதற்கும் ஓர் உதாரணம். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை கிராமுக்குக் குறையாமல் பாதரசம் இருக்கும். நம் டப்பாவில் உள்ளதைவிட அதிகம். குழந்தை அதைக் கடித்து அந்த வெள்ளி உருண்டையை விழுங்கிவிட்டால் வீடே பதறும். உண்மையில் உலோகப் பாதரசத்தைக் குடல் அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. கண்ணாடித் துண்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உப்பாக மாறிய பாதரசத்தின் கதை வேறு. நாட்டு மருந்துக் கடைகளில் பூரம், வீரம் என்று சொல்வார்களே, அவை பாதரச உப்புகள்தான். வீரத்தைக் கையால் தொடக்கூட யோசிப்பவர்கள், அதன் பங்காளியை முகத்தில் தேய்த்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

கோட்டக்கல்லில் கேட்ட கேள்வி

பூசுவது முகத்தில். கெடுவது எங்கே?

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்கல். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் இருவருக்கும் 2021 ஜூலையிலிருந்து ஒரு விஷயம் உறுத்தியது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வருகிறவர்களில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் அடிக்கடி தென்பட்டது.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிமுடிச்சுகள் உண்டு. மயிரிழைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்ட முடிச்சுகள் அவை. மருத்துவர்கள் குளோமெருலஸ் என்பார்கள். நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவம் அவற்றின் வழியே வடிகிறது. உப்பும் கழிவும் கடக்கலாம், புரதம் கடக்கக்கூடாது. இந்த நோயாளிகளுக்கு உடலின் எதிர்ப்புப் பொருட்களே போய் வடிமுடிச்சின் சுவரில் படிந்திருந்தன. சுவர் ஒழுகி, புரதம் சிறுநீரோடு போயிற்று. புரதம் கலந்த சிறுநீர் நுரைக்கும். ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் குழாயை விட்டு வெளியேறி காலிலும் இமையிலும் தேங்கும்.

2023 செப்டம்பர் வரை அவர்கள் பார்த்த அத்தகைய நோயாளிகள் 22 பேர். சிறுநீரகத் திசுவைச் சோதித்தபோது 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் அந்தப் படிவில் இருந்தது. இந்தப் புரதத்துக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு இருப்பது அதற்குச் சற்று முன்புதான் துலங்கியிருந்தது; சென்னை ரெனோபேத் ஆய்வகத்தின் அனிலா ஆபிரகாம் குரியன் உள்ளிட்டோர் 2022-ல் நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருந்தார்கள். கோட்டக்கல் மருத்துவர்கள் நோயாளிகளிடம் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள். 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியிருந்தார்கள். இன்னொருவர் நாட்டு மருந்து எடுத்திருந்தார். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். ஒருவருக்கு மட்டும் மூளையின் சிரையில் ரத்தம் உறைந்துவிட்டது. புரதம் இழந்த ரத்தம் எளிதில் உறையும் என்பதால் வரும் வினை அது. குரியனும் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வு 2024-ல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் உரிமமில்லாத அழகுப் பொருட்களைத் தேடிப் பறிமுதல் செய்தது.

இது புதுச் செய்தியா என்றால், இல்லை என்பதுதான் வேதனை. கென்யாவின் நைரோபியில் இதே மாதிரி புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களில் பாதிக்கு மேல் பாதரச க்ரீம் பூசியவர்கள் என்று 1972-லேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்டது. ஐம்பது வருஷம் கழித்து அதே பாடத்தை மலப்புறத்துப் பிள்ளைகள் தங்கள் சிறுநீரகத்தைக் கொடுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

பூசாதவர்களுக்கும்

2010-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் மெக்சிகோவிலிருந்து வந்த வெளுப்பு க்ரீம்களைப் பூசிய குடும்பங்களைச் சுகாதாரத் துறையினர் சோதித்தார்கள். க்ரீமைத் தொடாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. குழந்தைகளும் அதில் உண்டு. துண்டு, தலையணை உறை, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவது, இவை போதும். பேரனை மார்மேல் போட்டுத் தூங்க வைக்கிற அப்பத்தா பூசியிருந்தால், பேரனும் பூசியதாகத்தான் கணக்கு.

எல்லா டப்பாவும் ஒன்றல்ல

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள பவுடர், ஷாம்பு எல்லாவற்றையும் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் இந்தியச் சந்தையில் விற்ற 32 வெளுப்பு க்ரீம்களைச் சோதித்தது. 14-ல் பாதரசம் இருந்தது. செய்தித்தாள்களில் பெரிய தலைப்பாக வந்தது. அளவைப் பாருங்கள்: பத்து லட்சத்தில் 0.10 முதல் 1.97 பங்கு வரை. இருக்கக்கூடாததுதான், கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நாம் கணக்குப் போட்ட டப்பாவில் இருந்தது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. இரண்டையும் ஒரே மூச்சில் 'க்ரீமில் விஷம்' என்று சொன்னால், வாசகர் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பது தெரியாமல் போகும்.

அதற்காக, உரிமம் இருந்தால் எல்லாம் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் கானெபோ என்ற பெரிய நிறுவனம் ரோடோடென்ட்ரால் என்ற பொருள் சேர்த்த வெளுப்பு க்ரீம்களை, அரசு அனுமதி பெற்றே, விற்றது. பூசியவர்களுக்கு வெண்படை போலத் திட்டுத் திட்டாக நிறம் போனது. 2013 ஜூலையில் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 20,000 பேர். நம் ஊர் ஸ்டிக்கர் பொட்டிலும் இதே சூட்சுமம் உண்டு. சில பொட்டுகளின் பசையில் உள்ள பியூட்டைல் பீனால் என்ற பொருள் நெற்றியில் வட்டமாக நிறத்தைப் போக்கிவிடுவதை இந்திய தோல் மருத்துவர்கள் 1980-களிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தப் பொருட்கள் பார்வைக்கு டைரோசினேஸ் நொதியின் வழக்கமான இரையைப் போல இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடித்து மாற்ற, விளைந்த நஞ்சு நிறமிச் செல்லையே கொன்றுவிடுகிறது. பாதரசம் உற்பத்தியை நிறுத்துகிறது. இவை தொழிற்சாலையையே இடிக்கின்றன. பொட்டு வைக்கும் இடம் அரித்தாலோ வெளிறினாலோ அன்றைக்கே பொட்டை நிறுத்திவிடுவது நல்லது.

'ஹெர்பல்', 'மூலிகை', 'கெமிக்கல் இல்லாதது' என்ற அட்டை வாசகங்களை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அச்சடிக்க யாரும் காசு கேட்பதில்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல், இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். பட்டியலில் மெர்குரி, மெர்க்யூரிக், கேலமெல், சின்னபார் என்று எது இருந்தாலும் அது பாதரசம்தான். கேலமெல் என்பது நம் பூரம், சின்னபார் என்பது சாதிலிங்கம். பாதரசம் என்றே எழுதாத டப்பாக்களில் வேறொரு குறிப்பு காட்டிக்கொடுக்கும்: பூசும்போது தங்கம், வெள்ளி, அலுமினிய நகை படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இருக்கும். ஏன் என்று ஊர்ப் பட்டறையில் கேளுங்கள். பாதரசம் பட்ட தங்கம் என்னவாகும் என்று எந்தப் பத்தருக்கும் தெரியும்.

பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும், எவ்வளவு குறைந்த அளவானாலும், 2025-க்குப் பிறகு கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி முடிவெடுத்தன. இந்தியா 2018-லேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. காகிதத்தில் முடிவாகிவிட்டது, ஆனால் ஃபேன்ஸி ஸ்டோரின் உள் அலமாரிக்கு ஜெனீவா ரொம்ப தூரம்.

நீங்களோ வீட்டில் யாரோ இப்படி ஒரு க்ரீம் பூசிக்கொண்டிருந்தால், உடனே நிறுத்துங்கள்; ஸ்டீராய்டு என்று சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். காலையில் இமை தடித்திருக்கிறதா, மாலையில் கணுக்கால் வீங்கி விரல் அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீரில் நுரை நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒரு சோதனை எடுத்துவிடுங்கள். பாதரசம் உடம்பை விட்டுப் பாதியாவதற்கே இரண்டு மாதம் போல ஆகும். நிறுத்திவிட்டோமே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மீதி க்ரீமைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள், பாதரசம் புகையாகி மூச்சில் ஏறும். டப்பாவை இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். என்ன பூசினீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து மேஜைமேல் வையுங்கள்.